தரைத்தள வீட்டை வெள்ளத்துக்குத் தயார் செய்தல்: வேளச்சேரியிலிருந்து ஒரு செய்முறைப் பதிவு

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையின் மேல் மழையைக் கொட்டியபோது, வேளச்சேரியில் உள்ள எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் தரையில் கழிவுநீர் இறங்கும் ஜாலி வழியாக வந்தது. தெருவில் நின்ற தண்ணீர் நிலைப்படியைத் தாண்டுவதற்கு முன்பே கூடத்தில் பாதம் மூழ்கும் அளவுக்குச் சாக்கடை நின்றது. வாசல் வழியாக வெள்ளம் நுழைந்தது அதற்குப் பிறகுதான். அடுத்த மழைக்காலத்துக்குள் வீட்டில் செய்ய முடிந்த வேலைகளை எல்லாம் செய்தோம். அவற்றை அளவுகளோடும் காரணங்களோடும் இங்கே எழுதிவைக்கிறேன். சென்னையோ, கடலூரோ, தூத்துக்குடியோ, கடலோர ஊரில் தரைத்தளத்தில் குடியிருக்கும் யாருக்காவது இதில் ஒரு வேலையாவது பயன்பட்டால் போதும்.

வீடு 1990களில் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். கீழே நான், என் கணவர், எழுபதைக் கடந்த என் அம்மா. மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அதனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதையும் தொடங்க மனம் வரவில்லை.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலில் கலக்கவேண்டும். அந்தச் சதுப்பு நிலம் ஒருகாலத்தில் இருந்த பரப்பில் இன்று ஒரு சிறு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. 2022இல் அதில் 1,247 ஹெக்டேர் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சதுப்பு நிலம் இழந்த இடத்தில் வீடுகளும் சாலைகளும் அலுவலகங்களும் நிற்கின்றன. மிக்ஜாம் கரையைக் கடந்தது டிசம்பர் 5ஆம் தேதி, ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் அதற்கு முன் அது சென்னைக்கு அருகே மெதுவாக ஊர்ந்தது. மேலே மழை நிற்கவில்லை; கீழே கடலும் கொந்தளித்து நின்றதால் முகத்துவாரங்கள் நீரை வாங்கவில்லை. நீர் போக வழியில்லாதபோது தாழ்ந்த தெருக்களில் நிற்கும். எங்கள் தெரு தாழ்ந்த தெரு.

இதை ஒரு வீட்டுக்காரரால் மாற்ற முடியாது. ஆனால் தண்ணீர் எந்த வழியாக, எந்த வரிசையில் உள்ளே வருகிறது என்று கண்டுபிடிக்க முடியும். அந்த வழிகளை அடைக்க முடியும். அடைத்தும் வந்துவிட்டால், அடுப்பு மூட்டி, படுத்துத் தூங்கி, நல்ல தண்ணீர் குடிக்கும் நிலைக்கு வீடு திரும்ப ஆகும் நாட்களைக் குறைக்க முடியும். இந்த மூன்றுக்காகத்தான் இத்தனை வேலையும்.

மட்டம் பார்த்தல்

முதல் வேலைக்குச் செலவே கிடையாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாய் போதும். ஒளி ஊடுருவும் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெருவில் இருக்கும் பாதாளச் சாக்கடை மூடிக்கு அருகிலும், மறு முனையை வீட்டின் ஒவ்வொரு இடத்திலும் பிடித்துக் குறித்துக்கொண்டோம். சாக்கடை மூடியின் மேற்பரப்பைச் சுழியம் என்று வைத்தோம். அதை வைத்து மற்ற உயரங்கள்: கூடத்தின் தரை இரண்டு அங்குலம் மேலே. நிலைப்படி ஐந்து அங்குலம் மேலே. குளியலறைத் தரை ஒன்றரை அங்குலம் கீழே. கீழ்நிலைத் தொட்டியின் வாய் தரையோடு தரையாக. மின்மீட்டர் நான்கடி மேலே. இன்வெர்ட்டர் பேட்டரி கூடத்தின் தரையில்.

வீடு கட்டியபோது கூடம் தெருவை விட இரண்டரை அடி உயரத்தில் இருந்தது என்று அம்மா சொல்கிறார். அதற்குப் பிறகு, பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, தெரு வீட்டின் உயரத்துக்கு வந்துவிட்டது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். எங்கள் தெருவைப் போன்ற பல தெருக்கள் அதற்கு முன்பே ஏறிவிட்டன.

இந்த அளவுகளைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பாதாளச் சாக்கடை நிரம்பி அதன் மூடி வரை வந்தாலே, எங்கள் குளியலறையில் ஒன்றரை அங்குலம் நிற்கும். அப்போது தெருவில் ஒரு சொட்டு வெள்ளம்கூட இருக்கவேண்டியதில்லை. ஒரே குழாயால் இணைந்த இரண்டு இடங்களில் நீர் ஒரே மட்டத்துக்கு வரும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மழைக்காலம் நெருங்கினால் எல்லோரும் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். குளியலறையில் திறந்து கிடக்கும் நாலங்குலக் குழாயை யாரும் பார்ப்பதில்லை.

சுவரில் இருந்த வெள்ளத் தடங்களையும் அளந்தோம். மிக்ஜாமில் கூடத்தின் தரையிலிருந்து 17 அங்குலம். 2015 டிசம்பரில் 41 அங்குலம்; பூசி மறைத்த பிறகும் அலமாரியின் பின்பக்கத்தில் அந்தக் கோடு இருந்தது. இந்த இரண்டு எண்களும்தான் பிறகு எல்லா முடிவுகளையும் தீர்மானித்தன.

சாக்கடைக் குழாய்

அதிக நேரமும் பணமும் போனது இதில்தான். மறுபடியும் செய்தாலும் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

வீட்டின் கழிவுநீர்க் குழாய்கள் எல்லாம் பக்கச் சந்தில் வரிசையாக இருக்கும் சேம்பர்களில் (மூடி போட்ட கழிவுநீர்க் குழிகளில்) இறங்கி, கடைசிச் சேம்பரிலிருந்து தெருக் குழாய்க்குப் போகின்றன. அந்தக் கடைசி இடத்தில் நீரை ஒரு திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வ் வைப்பது திட்டம். அதற்குள் மேலே கீல் வைத்த ஒரு மடல் தொங்கும். வீட்டு நீர் வெளியே போகும்போது மடல் திறக்கும். தெரு நீர் திரும்பித் தள்ளினால் அதே அழுத்தத்தில் மடல் மூடிக்கொள்ளும்.

எங்கள் பகுதியில் நெடுநாளாக வேலை செய்யும் பிளம்பர் அண்ணன் சேம்பர் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "டீச்சர், வால்வ் மூடிக்கொண்ட பிறகு மாடியில் ஒருவர் குளித்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?"

வெளியே போக வழி இல்லை. அது கீழே எங்கள் குளியலறையில்தான் பொங்கும். தெருச் சாக்கடையைத் தடுத்துவிட்டு மாடிச் சாக்கடையை வாங்கிக்கொள்வதாக ஆகிவிடும். இந்த வால்வைப் போட்டும் பயன் இல்லை என்று சொல்லும் பல வீடுகளில் நடப்பது இதுதான்.

தீர்வையும் அவரே சொன்னார். மாடியிலிருந்து இறங்கும் குழாயைச் சேம்பரில் விடாமல், தனிக் குழாயாக, இடையில் திறப்பே இல்லாமல் கொண்டுபோய், வால்வுக்கு அப்பால் தெருப்பக்கத்தில் சேர்த்துவிடவேண்டும். மாடிக் கழிப்பறை தெருவை விடப் பத்தடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. தெருச் சாக்கடை நிரம்பி நின்றாலும் அந்த உயரத்தின் அழுத்தமே மாடி நீரைத் தெருக் குழாய்க்குள் தள்ளிவிடும். வெள்ளம் வடியும்வரை கீழ்வீட்டுக் கழிப்பறை மூடியிருக்கும். மாடிக் கழிப்பறை வேலை செய்யும். இரண்டு குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறை இருந்தால் வீட்டை விட்டு ஓடவேண்டியதில்லை. மாடி வீட்டுப் பெண்ணிடம் சொன்னபோது, "அக்கா, இதற்கெல்லாம் கேட்கவேண்டுமா? சாவியை ஒன்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

பக்கச் சந்தில் தோண்டி, 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் பதித்து, கடைசிச் சேம்பரை அகலப்படுத்திக் கட்டி, வால்வைப் பொருத்தினோம். வால்வின் மேல்மூடி கையால் கழற்றும்படி இருக்கவேண்டும் என்பதில் பிளம்பர் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். தலைமுடியும் துணிநூலும் சமையலறை எண்ணெய்ப் பசையும் மடலில் சிக்கினால் அது முழுதாக மூடாது. கான்கிரீட்டுக்குள் புதைத்துவிட்டால் சுத்தம் செய்ய வழி இருக்காது.

சோதனைதான் எனக்குப் பிடித்த கட்டம். தெருப்பக்கக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, வால்வின் தெருப்பக்கத்தில் தண்ணீரை மூடி மட்டம் வரை நிரப்பினோம். அதில் ஒரு கிண்ணம் மஞ்சள் தூளைக் கரைத்தேன். வீட்டுப்பக்கச் சேம்பரைத் துடைத்துக் காயவைத்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் மடலின் கீழ் விளிம்பில், இடது மூலையில், மஞ்சளாக ஒரு நூல் இறங்கியது. தண்ணீரை எடுத்துவிட்டு வால்வைத் திறந்தால், மடல் உட்காரும் ரப்பர் வளையத்தில் கடுகளவு சிமெண்ட் துகள் ஒட்டியிருந்தது. விரல் நகத்தால் அதை எடுத்துவிட்டு மறுபடியும் நிரப்பினோம். சேம்பர் காய்ந்தே இருந்தது. ஒரு சிமெண்ட் துகள் இதைச் செய்யும் என்றால் ஆறு மாதக் குப்பை என்ன செய்யும் என்று அப்போது தெரிந்துகொண்டோம்.

அதனால் இரண்டாவது காவலாக, கீழ்வீட்டின் ஒவ்வொரு தரை ஜாலிக்கும் ஒரு ரப்பர் அடைப்பான் வாங்கினோம். குழாய்களில் கசிவு சோதிக்கப் பிளம்பர்கள் பயன்படுத்துவது. இரண்டு தகடுகளுக்கு நடுவே தடித்த ரப்பர். மேலே உள்ள திருகைத் திருகினால் ரப்பர் விரிந்து குழாயைக் கவ்விக்கொள்ளும். விலை அதிகமில்லை. சுவரைத் தொடவேண்டாம், வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்கவேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வேறு எதுவும் செய்ய முடியாவிட்டாலும் இதை வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். குழாயின் உள்விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். இந்தியக் கழிப்பறைப் பீங்கானில் இது பொருந்தாது. அங்கே தடித்த பிளாஸ்டிக் பைக்குள் மணல் நிரப்பி, துணி சுற்றி, வாயில் இறுக்கி வைத்து, மேலே கனமான எடை வைக்கிறோம்.

தொட்டியும் கிணறும்

2003இல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் கட்டாயம் ஆனது. எங்கள் வீட்டிலும் மொட்டைமாடி நீர் குழாய் வழியாகக் கிணற்றுக்குப் போகிறது. அது அருமையான ஏற்பாடு. 2019 கோடையில் நகரின் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது எங்கள் கிணறு எங்களைக் காப்பாற்றியது. ஆனால் முற்றத்து நீரும் அதே கிணற்றுக்குப் போகும்படி ஒரு ஜாலி வைத்திருந்தார்கள். வெள்ளத்தில் தெருச் சாக்கடை அந்த ஜாலி வழியாக நேரே கிணற்றில் இறங்கும். முற்றத்து ஜாலியை நிரந்தரமாக அடைத்துவிட்டோம். இப்போது மொட்டைமாடி நீர் மட்டும் கிணற்றுக்குப் போகிறது. கிணற்றின் கைப்பிடிச் சுவரில் இருந்த விரிசல்களையும் பூசினோம்.

கீழ்நிலைத் தொட்டி 6,000 லிட்டர். அதன் வாயைச் சுற்றி இரண்டரை அடி உயரத்துக்குச் செங்கல் கட்டி, இருபுறமும் பூசி, மேலே மூடி வைத்தோம். மோட்டாரையும் அதே உயரத்தில் ஒரு மேடை கட்டித் தூக்கிவிட்டோம்.

தொட்டியைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மழை வரப்போகிறது, தொட்டியில் சாக்கடை கலந்துவிடும் என்று பயந்து சிலர் அதைக் காலி செய்துவிடுகிறார்கள். மண் முழுக்க நீர் ஊறி நிற்கும்போது காலியான தொட்டியை நிலத்தடி நீர் மேலே தள்ளும். 6,000 லிட்டர் தொட்டி என்றால் தள்ளும் விசை ஆறு டன்னுக்கு மேல். தொட்டியின் எடையும் மேலே உள்ள மண்ணும் அதைத் தாங்காவிட்டால் அடித்தளம் வெடிக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை வாய் வரை நிரப்பி மூடிவைக்கவேண்டும். உள்ளே நல்ல தண்ணீர் நிறைந்திருந்தால் வெளித் தண்ணீர் நுழைய அழுத்தமும் குறைவு. வெள்ளம் வடியும்வரை பயன்படுத்தத் தண்ணீரும் கையில் இருக்கும்.

எதையும் மீறிச் சாக்கடை கலந்துவிட்டால்: முழுவதும் இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 6,000 லிட்டருக்கு ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, ஒரு நாள் விட்டு, அந்த நீரையும் வெளியேற்றிக் கழுவிவிட்டுத்தான் பயன்படுத்தவேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும் கணக்கு இது. பொட்டலம் பழையதானால் வீரியம் போய்விடும். ஆண்டுதோறும் புதிதாக வாங்கவேண்டும். தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் மூடியை வெகுநேரம் திறந்துவைத்துக் காற்றோட்டம் வந்த பிறகே இறங்கவேண்டும். ஒருவர் வெளியே நிற்கவேண்டும். விஷவாயுவில் எத்தனை உயிர்கள் போகின்றன என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித்தரவேண்டியதில்லை.

மின்சாரம்

இதில் நாங்களாக எதையும் தொடவில்லை. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்தோம். முழங்கால் உயரத்தில் இருந்த பிளக் பாயிண்டுகள் எல்லாம் நாலரை அடிக்கு ஏறின. சுவர் முழுக்க வெட்டி, பூசி, வண்ணம் அடித்தது பெரிய தொல்லைதான், ஆனாலும் தவிர்க்க முடியாதது. கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி இணைப்பு என்பதால் கீழே அணைத்தாலும் மாடியில் விளக்கு எரியும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வைத்தோம். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது என் கணவரின் பொறுப்பு.

மின்மீட்டரைத் தூக்க மின்வாரியத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். நான்கடியில் இருப்பதால் இப்போதைக்கு விட்டுவிட்டோம். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், ஜன்னலை ஒட்டிய கடப்பா கல் பலகைக்கு மாற்றினோம். அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் மூடிய பரணில் வைக்கக்கூடாது.

வாசல் பலகை

மிக்ஜாமுக்குப் பிறகு எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் ஜாக்கி வைத்து முழு வீட்டையும் தூக்கிவிட்டன. நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை அஸ்திவாரத்துக்கு மேல் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, மூன்று நான்கு அடி உயர்த்திவிடுகிறார்கள். வேலை நன்றாகவே நடக்கிறது. எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. தூக்கியவர்களில் சிலர் முற்றத்தையும் மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அங்கே நின்ற நீர் இப்போது பக்கத்து வீட்டில் நிற்கிறது. வீட்டைத் தூக்குங்கள், முற்றத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மண் முற்றம் கொஞ்சமாவது நீரைக் குடிக்கும்.

நாங்கள் செய்தது கழற்றி மாட்டும் தடுப்பு. நிலைக்கு வெளியே இரு சுவர்களிலும் அலுமினியச் சேனலை நங்கூர போல்ட் வைத்து முடுக்கி, அதில் நீர் புகாத ப்ளைவுட் பலகைகளை இறக்குகிறோம். விளிம்புகளில் ஸ்பாஞ்ச் ரப்பர். மேலிருந்து ஒரு திருகால் அழுத்தினால் ரப்பர் நசுங்கி இடைவெளி அடைபடும். பின்வாசலுக்கும் அப்படியே.

எவ்வளவு உயரம் என்பதில்தான் கணக்கு தேவைப்பட்டது. நீரின் தள்ளுவிசை ஆழத்தின் வர்க்கத்தில் ஏறும். மூன்றரை அடி அகல வாசலில் இரண்டடி நீர் நின்றால் பலகையின் மேல் சுமார் 200 கிலோ. மூன்றடி நின்றால் சுமார் 450 கிலோ. பலகையை வலுவாகச் செய்துவிடலாம், சுவர்தான் கவலை. பத்தடி நீளச் சுவரின் மேல் மூன்றடி நீர் ஒன்றேகால் டன் விசையோடு தள்ளும். பழைய செங்கல் சுவர் பக்கவாட்டில் இப்படித் தள்ளப்படுவதற்காகக் கட்டப்பட்டதல்ல. அதனால் பலகை இரண்டடியோடு நிற்கிறது. அதற்கு மேல் தண்ணீர் வந்தால் பலகையை எடுத்துவிட்டுத் தண்ணீரை உள்ளே விட்டுவிடுவோம். உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் நீர் நின்றால் சுவருக்கு ஆபத்து இல்லை. மிக்ஜாம் அளவுக்கு இந்தத் தடுப்பு போதும். 2015 அளவுக்குப் போதாது. அது தெரிந்தே கட்டியது.

முதலில் ஒரே பலகையாக ஒன்றைச் செய்துகாட்டினார் தச்சர். பார்க்க அழகாகவும் இருந்தது, கசிவும் குறைவு. ஆனால் அதை நான் தனியாகத் தூக்க முடியாது. வெள்ளம் வரும் நேரத்தில் வீட்டில் ஆண்கள் இருப்பார்கள் என்பதற்கு உறுதி கிடையாது. எட்டு அங்குல உயரத்தில் மூன்று பலகைகளாகப் பிரிக்கச் சொன்னேன். இணைப்புகள் அதிகம் என்பதால் கசிவும் கொஞ்சம் அதிகம். வாசலுக்கு வெளியே களிமண்ணாலும் செங்கல்லாலும் சிறு அணை கட்டி ஓரடி நீர் நிரப்பிச் சோதித்தபோது, அரை மணி நேரத்தில் ஒரு வாளிக்கும் குறைவாகக் கசிந்தது. அதை ஏற்றுக்கொள்ளலாம். யாராலும் தூக்க முடியாத தடுப்பு பயன்படாது.

கசிவது மட்டுமல்ல, நீண்ட நேரம் தெருவில் நீர் நின்றால் தரை ஓடுகளின் இணைப்புகள் வழியாகவும் ஊறி மேலே வரும். அதற்காகச் சமையலறை மூலையில் ஒரு சிறு குழி எடுத்து, மீன்பிடிப் படகுகளில் தேங்கும் நீரை வெளியேற்றும் 12 வோல்ட் பம்ப் ஒன்றை வைத்தோம். காசிமேடு பக்கம் படகுச் சாமான் கடையில் வாங்கியது. மணிக்கு 4,000 லிட்டர் இறைக்கும் என்று மேலே எழுதியிருந்தது. ஆறடி உயரத்துக்குக் குழாய் ஏற்றிய பிறகு அதில் பாதிதான் வருகிறது. எங்களுக்கு அதுவே தாராளம். இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து நேராக, ப்யூஸ் வைத்து இணைத்திருக்கிறோம். மூன்று நான்கு ஆம்பியர்தான் இழுக்கிறது. 150 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிடாமல் பார்த்துக்கொண்டாலும் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும்.

மிதப்பவை

நிறைந்த சமையல் எரிவாயு சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும். நம்ப மறுப்பவர்களுக்குக் கணக்கு: உள்ளே 33 லிட்டர் கொள்ளளவு, இரும்போடு சேர்த்தால் அதற்கும் மேல் இடத்தை அடைக்கும். எடையோ, எரிவாயு 14.2 கிலோவும் இரும்பு பதினைந்து பதினாறு கிலோவும் சேர்த்து முப்பது கிலோ சுமார். மிக்ஜாமில் எங்கள் சிலிண்டர் குழாயை இழுத்துக்கொண்டு அடுப்படியில் சுற்றியது. இப்போது சுவரில் வளையம் அடித்துச் சங்கிலியால் கட்டியிருக்கிறோம். எச்சரிக்கை வந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டரை மாடிப்படிக்குக் கொண்டுபோய்விடுவோம். குளிர்சாதனப் பெட்டியும் மிதந்து சாயும். அதைக் கடப்பா கல் மேடையில் ஏற்றிவிட்டோம்.

பத்திரங்கள், குடும்ப அட்டை, மருத்துவச் சீட்டுகள் எல்லாம் இறுக்கமாக மூடும் டப்பாவில் பரணில் இருக்கின்றன. அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைகள் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் கையிருப்பில் இருக்கும். வீட்டுக் காப்பீடும் எடுத்தோம். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான திட்டத்தை விற்கவேண்டும் என்பது விதி. அதில் வெள்ளமும் புயலும் அடங்கும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். பொருள்களைப் படம் எடுத்துவைப்பதும், ரசீதுகளைப் பத்திரப்படுத்துவதும் முக்கியம்.

எங்களை விட அதிகம் இழந்தவர்

எங்கள் வீட்டில் உதவிக்கு வரும் பெண் பெரும்பாக்கத்தில் மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். முன்பு அடையாற்றங்கரையில் இருந்தவர்கள். அவர் இருப்பது மேல்மாடி. ஒரு சொட்டு வெள்ளம்கூட அவர் வீட்டுக்குள் நுழையவில்லை. ஆனால் மிக்ஜாமில் மின்சாரம் போனது. மின்சாரம் போனதால் லிஃப்ட் நின்றது, மோட்டார் நின்றது, குழாயில் தண்ணீர் நின்றது. கீழே தெருவெல்லாம் வெள்ளம். மாமியாரைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாமல், குடங்களோடு படியேறிக்கொண்டு கிடந்தார். அவர் வேலைக்குப் போகும் வீடுகள் எல்லாம் சேற்றில் இருந்தன. சில வீடுகளில் அந்த நாட்களுக்குச் சம்பளமும் பிடித்துக்கொண்டார்கள்.

கூடத்தில் பதினேழு அங்குலத் தண்ணீர் நின்ற எங்களுக்குச் சேமிப்பு இருந்தது, எனக்கு விடுப்பு இருந்தது, மாடி இருந்தது. அவருக்கு எதுவும் இல்லை. வெள்ள ஆபத்தை நீரின் ஆழத்தை மட்டும் வைத்து அளந்தால் அவர் கணக்கிலேயே வரமாட்டார். எங்கள் வீட்டு வேலைகளின் பட்டியலில் மூன்று சேர்த்தோம்: மழைக்காலத்தில் வர முடியாத நாட்களுக்கும் முழுச் சம்பளம், அவர் வீட்டில் வைத்துக்கொள்ள மூடியோடு இரண்டு பெரிய தண்ணீர் டிரம், சூரிய ஒளியில் மின்னேற்றும் விளக்கு ஒன்று. வீட்டைப் பலப்படுத்துவது பற்றிப் பேசும் எல்லோரும் இதையும் அந்தச் செலவுக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2024 மழை

அக்டோபரில் எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்று பகலெல்லாம் இங்கே மழை. தெருவில் நீர் எங்கள் வெளி கேட்டைத் தொட்டு நின்றது. பாதாளச் சாக்கடை மூடி நீருக்கடியில் மூழ்கியிருந்தது. பழைய நிலைமையாக இருந்தால் குளியலறை நிரம்பியிருக்கும். டார்ச்சோடு போய்ச் சேம்பரைத் திறந்து பார்த்தேன். வால்வுக்கு இப்புறம் எங்கள் வீட்டு நீர் மட்டும் கொஞ்சம் தேங்கியிருந்தது. மாடிக் கழிப்பறை தடையில்லாமல் வேலை செய்தது. கீழே குழாய்களை மூடிவைத்து, பாத்திரம் கழுவுவதுகூட மாடியில்தான். வாசல் பலகைகளை மாட்டினோம். ஆனால் தண்ணீர் நிலைப்படி வரை வரவில்லை; எனவே அந்தப் பலகைகள் உண்மையான வெள்ளத்தில் இன்னும் சோதிக்கப்படவில்லை.

இனிச் செய்யவேண்டியவை: ஆடி மாதத்தில் வால்வைக் கழற்றி மடலையும் ரப்பர் வளையத்தையும் கழுவி, மஞ்சள் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்வது. புரட்டாசியில் பலகைகளை ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பார்ப்பது. ஸ்பாஞ்ச் ரப்பர் வெயிலில் இறுகிவிடும் என்பதால் அதை நிழலில் வைத்திருக்கிறோம். தெருவின் மழைநீர் வடிகால் வாய்களில் சேரும் பிளாஸ்டிக் குப்பையை மழைக்கு முன் எடுக்க, எங்கள் தெருவில் ஆறு வீடுகள் முறை வைத்துக்கொண்டிருக்கின்றன. எதிர்வீட்டில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் இளம் தம்பதிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அவர்களுடைய ஜாலிகளை அளந்து வந்திருக்கிறேன்: மூன்று அங்குலத்தில் இரண்டு, நான்கு அங்குலத்தில் ஒன்று. இந்த வாரம் கடைக்குப் போகும்போது அந்த அடைப்பான்களையும் சேர்த்து வாங்கவேண்டும்.